ஒரு புரோட்டீனுக்கு இரண்டு முடிச்சு

விசில்தான் அதை முதலில் கண்டுபிடித்தது.

நான் உடற்கல்வி ஆசிரியை. துவாக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருடங்களாகப் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருப்பவள். கழுத்தில் எப்போதும் கயிறு கட்டிய விசில் தொங்கும். விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்த ஒரு காலையில் கடைசி வரிசைப் பிள்ளைகள் அணிவகுப்பை விட்டுவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். திட்டுவதற்காக அவர்களை நோக்கி ஓடினேன். விசில் குதித்து இடது மார்பில் இடித்தது. இடித்த இடம் மெத்தென்று இல்லை. சுவரில் பட்ட மாதிரி இருந்தது.

திட்டுவதை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். நான் திட்டாமல் நின்றதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் ஒன்றுமிருக்காது என்று மனசு சொன்னது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மனசு அப்படிச் சொன்னால், தயவுசெய்து அதன் பேச்சைக் கேட்காதீர்கள். வலிக்காத கட்டியையும் காட்டத்தான் வேண்டும்.

என் கணவர் சேகர், நாங்கள் குடியிருக்கும் கைலாசபுரத்து ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். குழாய்களில் பற்றவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்கிற வேலை. வீட்டில் தோசைக்கும் அதே பார்வைதான். சட்னி உப்பில் ஆரம்பித்து எதற்கெடுத்தாலும் என்னோடு வாதம் பண்ணுவார். அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் வாதம் எதுவும் பண்ணவில்லை. கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"கிளம்பு" என்றார்.

"இப்பவா? குழம்பு அடுப்புல இருக்கு."

"அடுப்பை அணைச்சுட்டு வா கலா."

அந்த நிதானமான குரலைக் கேட்டதும்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

நகரத்துக்குள் இருந்த மருத்துவமனையில் அடுத்தடுத்து எல்லாம் நடந்தது. மேமோகிராம் (மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். பிறகு பயாப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) செய்தார்கள். புற்றுநோய்ப் பிரிவின் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

"கேன்சர்தான் கலா மேடம். ஆனா சீக்கிரமா வந்திருக்கீங்க. மத்த இடத்துக்குப் பரவலை."

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "வர்ற வாரம் விளையாட்டு விழா இருக்கே டாக்டர்?" என் கணவர் என்னை ஒரு முறை முறைத்தார். டாக்டர் மட்டும் சிரித்தார்.

"விழாவை வேற யாராவது நடத்தட்டும். கட்டியோட செல்லுல என்னென்ன புரோட்டீன் இருக்குன்னு டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். மூணு வகை பார்ப்போம். அதுல ஒண்ணு ஹெர் டூ. அது நிறைய இருந்தா கட்டி வேகமா வளர்ற வகைன்னு அர்த்தம்."

அதற்குள் வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட் வந்ததும் விவரமாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பாதி விஷயத்தோடு வீட்டுக்கு வந்தோம். பாதி விஷயம் முழு விஷயத்தைவிட ஆபத்தானது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவருடைய அக்காவிடமிருந்து போன். சரோஜா அண்ணி ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். பொன்மலை ரயில்வே பணிமனை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணிக்கும் இல்லை. ஆகவே நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பிள்ளையாக வைத்துக்கொண்டு அதிகாரம் பண்ணுவோம்.

"என்னம்மா சொன்னாங்க?"

சொன்னேன். அழுதார். நானும் அழுதேன். பிறகு, "ஹெர் டூன்னு ஒரு புரோட்டீனாம் அண்ணி. அது இருந்தா வேகமா வளருமாம். டெஸ்டுக்குப் போயிருக்கு" என்றேன்.

அழுகை டக்கென்று நின்றது. "பேரு என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அண்ணிக்கு வேண்டுதல் என்பது ஒரு மனு மாதிரி. அலுவலகத்தில் எத்தனை மனு பார்த்திருப்பார்! 'நல்லது செய் தாயே' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அது எந்த மேசைக்குப் போகும் என்று கேட்பார். யாருக்கு, எங்கே, என்ன வேண்டும் என்று பிசிறில்லாமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு ரூபாய்க் காசை மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். காரியம் பலிக்கும் வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. பலித்த பிறகு கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். அண்ணி மட்டும் வாசகத்தை ஒத்திகை பார்த்துவிட்டு முடிந்து வைப்பார்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"தாயாருக்கு முடிஞ்சு வச்சுட்டேன் கலா. பெருமாள்கிட்ட சொல்லலை. பொம்பளை சமாச்சாரம், தாயார்கிட்ட சொன்னாதான் புரியும். கலாவதி உடம்புல அந்த ஹெர் டூ எங்கேயும் இருக்கவே கூடாதுன்னு தெளிவா சொல்லிட்டேன்."

"சரி அண்ணி" என்றேன். எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் மட்டு. ஆனால் எனக்காக ஒருவர் காலையில் குளித்துவிட்டு மஞ்சளில் துணி நனைத்தார் என்பது ஆறுதலாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ரிப்போர்ட் வந்தது. மற்ற இரண்டு புரோட்டீன்களும் இல்லை. அவை ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிறவை. ஹெர் டூவுக்கு நேராக 'இரண்டு பிளஸ், சந்தேகம்' என்று இருந்தது. இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. சாயம் போட்டுப் பார்த்தால் அந்தப் புரோட்டீன் இருக்கிற இடம் பழுப்பாகத் தெரியுமாம். என் கட்டியின் துண்டில் லேசாக, டீக்கறை மாதிரித் தெரிந்ததாம்.

"இல்லாம இருந்தா நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டேன். கேட்கும்போதே அண்ணியின் முடிச்சு கண்ணுக்குள் வந்துபோனது.

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்குப் பாதியில போயிட்டேன். மீதியை இப்ப சொல்றேன். ஒவ்வொரு செல்லுக்கும் வெளியில காலிங் பெல் மாதிரி சில புரோட்டீன் இருக்கும். வெளியிலேருந்து யாராவது அழுத்தினா உள்ள 'வளரு'ன்னு செய்தி போகும். ஹெர் டூ அப்படி ஒரு பெல். சாதாரண செல்லுல கொஞ்சமா இருக்கும். சில கட்டியில சுவர் பூரா பெல்லா இருக்கும். யாரும் அழுத்தாமலே அடிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் வேகமா வளருது."

"அப்போ இருக்கக் கூடாதுதானே?"

"முன்னாடி எங்க ஆளுங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. ஹெர் டூ இருக்குன்னா கெட்ட செய்தி, அது வெறும் அடையாளம். அப்புறம்தான் ஒரு கேள்வி கேட்டாங்க. இது அடையாளம் மட்டும்தானா? இதையே பிடிச்சு நிறுத்தினா நோய் நிக்குமா? அடையாளம் வேற, இலக்கு வேறங்க. எத்தனையோ புரோட்டீன் அடையாளமா மட்டும் நின்னுடும். பிடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஹெர் டூ ரெண்டாவும் இருந்துச்சு. இப்ப அந்த பெல் மேல போய் ஒட்டிக்கிற மருந்து இருக்கு. ட்ராஸ்டுசுமாப்னு பேரு. பெல் நிறைய இருந்தாதான் அந்த மருந்துக்கு வேலை. இல்லைன்னா பொதுவான கீமோதான்." கீமோ என்றால் வேகமாக வளரும் செல்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற மருந்து.

இவர் முன்னால் சாய்ந்தார். "அப்போ டாக்டர், இது இருந்தா எங்களுக்கு நல்லதா?"

"மத்த ரெண்டும் இல்லாத நிலையில, ஆமாங்க. இது இருந்தா எனக்குப் பிடிக்க ஒரு பிடி கிடைக்கும். அதனால இன்னொரு டெஸ்ட். புரோட்டீனைப் பார்க்காம, அதைச் செய்யச் சொல்ற மரபணு எத்தனை நகல் இருக்குன்னு எண்ணுவாங்க. ஃபிஷ்னு சொல்வாங்க. வேற ஊருக்கு அனுப்பணும்."

பெயர்தான் ஃபிஷ், மீனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

காரில் வரும்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருக்கக் கூடாது என்று பயந்துகொண்டிருந்த ஒன்றை இருக்க வேண்டும் என்று எப்படி ஆசைப்படுவது? இவர் மட்டும் வழக்கம்போல நிதானமாக ஓட்டினார்.

"பிலிம்ல சந்தேகமா ஒரு கோடு தெரிஞ்சா நாங்க பாஸும் பண்ண மாட்டோம், ரிஜெக்டும் பண்ண மாட்டோம். வேற முறையில திரும்பப் பார்ப்போம். அதுவரைக்கும் அந்தக் குழாய் நல்ல குழாயும் இல்லை, கெட்ட குழாயும் இல்லை."

"நான் உங்களுக்குக் குழாயா?"

"நல்ல குழாய்" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு 'இரண்டு பிளஸ்' என்று ரிப்போர்ட் வந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த சோதனைக்குப் போயிருக்கிறதா என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அண்ணியிடம் போனில் சொல்ல முடியாது என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனோம். அண்ணி உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். அலமாரியில் தாயார் படத்துக்கு முன்னால் மஞ்சள் முடிச்சு சின்னதாக உட்கார்ந்திருந்தது. காலிங் பெல் கதையை டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன். அண்ணியின் கரண்டி நின்றது.

"அப்போ பெல்லு இருந்தாதான் நல்லதா?"

"ஆமா அண்ணி."

"மருந்து அதுலதான் போய் ஒட்டுமா?"

"ஆமா."

"அடிப்பாவி! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் இருக்கவே கூடாதுன்னு தாயார்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டேனே!"

உப்புமா அடிபிடித்தது. இவர் போய் அடுப்பை அணைத்தார். "அவிழ்த்துட்டு வேற முடிஞ்சா போச்சு, விடுக்கா" என்றார்.

"போடா! பலிக்காம அவிழ்க்கறதாவது? கொடுத்த மனுவை வாபஸ் வாங்கினா அடுத்த மனுவை எவன் மதிப்பான்?" அண்ணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு விறுவிறுவென்று எழுந்து, கைகால் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு துணியை மஞ்சளில் நனைத்தார். இன்னொரு காசு எடுத்தார். இந்த முறை சத்தமாகவே சொன்னார். "தாயே, கலாவதியோட கட்டியில அந்த ஹெர் டூ நிறைய இருக்கணும். மருந்துக்குப் பிடி கிடைக்கிற அளவுக்கு இருக்கணும். முன்னாடி சொன்னது விவரம் தெரியாம சொன்னது."

இரண்டு முடிச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று வேண்டாம் என்றது, ஒன்று வேண்டும் என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணி முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேன்சர் என்று தெரிந்தபிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான். தீய்ந்த உப்புமாவைத்தான் சாப்பிட்டோம்.

காத்திருந்த நாட்கள் பொல்லாதவை. கட்டி உள்ளே இருக்கிறது, மருந்து இன்னும் ஆரம்பிக்கவில்லை. காலண்டரைப் பார்ப்பதற்கே பயமாக இருந்தது. எனக்குச் சாக விருப்பமில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இவரோடு சட்னி உப்புக்காக இன்னும் பல வருடம் சண்டை போட ஆசையாக இருந்தது.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரே போன் செய்தார். "இருக்குங்க. நல்லாவே இருக்கு. நாளைக்கே வாங்க, ஆரம்பிச்சுடலாம்."

நான் போனைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அண்ணி அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து இறங்கினார். எதிர் வீட்டுக்காரம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "ரிசல்ட் நல்லபடியா வந்துடுச்சா? நெகட்டிவ்தானே?" என்று கேட்டார். "பாசிட்டிவ்!" என்றார் அண்ணி பெருமையாக. அந்த அம்மா பேய் அறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். இன்றுவரை அவருக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை.

சிகிச்சையைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. கீமோவும் ட்ராஸ்டுசுமாபும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. முடி போனது. நாக்கு போனது. ரசம் சாம்பார் எல்லாமே இரும்பைச் சப்பின மாதிரி இருந்தது. இவர் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் மாதுளம்பழமும் புளிப்பு நாரத்தங்காயுமாக வாங்கிக் குவித்தார். நாரத்தங்காய் ஊறுகாய் ஒன்றுதான் எனக்கு ருசித்தது. அதை அவரே போட்டார். உப்பு அதிகம். நான் சொல்லவில்லை. அந்த வருடத்தில் நான் பொறுத்துக்கொண்ட பெரிய விஷயம் அதுதான்.

அடிக்கடி எக்கோ எடுத்தார்கள் (இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பது). "கேன்சர் மார்புலதானே, இதயத்தை ஏன் பார்க்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "இந்த மருந்து சிலருக்கு இதயத்தைக் கொஞ்சம் சோர்வாக்கும், அதான்" என்றார் டாக்டர். நான் தலையாட்டிவிட்டு மறந்துபோனேன். ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கின இதயம், அதற்கு என்ன வந்துவிடும் என்று திமிர்.

ஊசி போகப் போகக் கட்டி கரைந்தது. கைக்கே தட்டுப்படாமல் போனது. பிறகு அறுவை சிகிச்சை. கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்தபோது உயிருள்ள புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட இல்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டியே போனதால் முதல் மனுவும் பலித்துவிட்டது என்று அண்ணி இரண்டு முடிச்சையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பப் பார்த்தார்.

"வருஷம் பூரா மருந்து போடணும் அண்ணி. ரேடியேஷன் (கதிர்வீச்சு) வேற இருக்கு. எல்லாம் முடியட்டும்" என்றேன்.

"ஆமா, முடியட்டும்" என்று திரும்பவும் படத்துக்கு முன்னால் வைத்தார்.

ரேடியேஷனும் முடிந்தது. முடி முளைத்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவும் போக ஆரம்பித்தேன். மைதானத்தைச் சுற்றி மெதுவாக நடந்தபோது ஒரு நாள் பாதியில் மூச்சு வாங்கியது. கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். களைப்பு என்று நினைத்தேன். அந்த வாரம் எக்கோ எடுத்தபோது, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்.

இதயத்தின் பலம் நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டர் ட்ராஸ்டுசுமாபை அன்றே நிறுத்தினார். இதய மருத்துவரிடம் அனுப்பினார். மாத்திரைகள் ஆரம்பித்தார்கள்.

"திரும்ப வந்துடும், பெரும்பாலும் வந்துடும். வந்தா மருந்தைத் தொடர்வோம்" என்றார் டாக்டர்.

"ஏன் இப்படி ஆச்சு? மருந்து அந்தப் புரோட்டீனைத்தானே பிடிக்கும்னு சொன்னீங்க?"

"அதைத்தாங்க பிடிக்குது. இதயத் தசையிலயும் ஹெர் டூ இருக்கு, கொஞ்சமா. அங்க அது கெட்டது இல்லை. இதயம் களைச்சுப்போனா சரிபண்ணிக்க அந்த பெல்லு வேணும். மருந்துக்கு எந்த வீட்டு பெல்லுன்னு தெரியாது. கட்டியில ஒட்டின மாதிரியே அங்கேயும் போய் ஒட்டிடுது."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். இவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. மருந்தை நிறுத்தினால் கட்டி திரும்பி வந்துவிடுமோ என்று பயம். தொடர்ந்தால் இதயம் போய்விடுமோ என்று பயம். இவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். "சந்தேகம்னா நிறுத்திட்டுப் பார்க்கணும்னு நீங்கதானே சொல்வீங்க. நிறுத்தியிருக்காங்க. பார்ப்போம்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

அண்ணி கைலாசபுரம் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இதயத்திலும் அது இருக்கிறது, அங்கே அது வேண்டும் என்பதையும் சொன்னேன். அண்ணி முகம் வெளுத்துப்போனது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான்தானே கேட்டேன்."

"என்ன அண்ணி?"

"எங்கேயும் இருக்கவே கூடாதுன்னு. கட்டியிலன்னு சொல்லலையே நான். உடம்புல எங்கேயும்னு சொன்னேன். உன் நெஞ்சையும் சேர்த்துல்ல கேட்டுட்டேன். ரெண்டாவது மனுவுலயும் கட்டியைத்தான் சொன்னேன். முதல் மனு அப்படியே இருக்கு கலா. அதான் பலிக்குது."

எத்தனை வருடம் எத்தனை மனுக்களில் மற்றவர்களின் பிழையைச் சுழித்துக் காட்டியவர்! தன் வாசகத்தில் விட்ட ஓட்டையை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவர் இவ்வளவு சின்ன உடம்புக்காரர் என்று அன்றுதான் கவனித்தேன். என் மேல் இத்தனை அன்பு வைத்திருக்கிறாரே என்று எனக்கும் அழுகை வந்தது.

"அண்ணி, இங்க பாருங்க. தாயார் என்ன உங்க ஆபீஸ் சூப்பரின்டென்டன்டா? எழுதின எழுத்தைப் பார்த்து அப்படியே கையெழுத்துப் போட? நீங்க என்ன நினைச்சுக் கேட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

மூக்கை உறிஞ்சினார். "தெரியுமா?"

"மூணாம் வகுப்புப் பிள்ளை 'மிஸ், வயிறு வலி'ன்னா ஓட்டத்துக்குப் பயந்து சொல்லுதுன்னு எனக்கே தெரியுது. அவங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் அன்று முதல் ஸ்ரீரங்கத்துக்குப் போகாமல் எங்களோடேயே இருந்துவிட்டார். நான் மாத்திரை போடும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து விழுங்குகிறேனா என்று பார்ப்பார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு சட்னிக்குக்கூட இவர் வாதம் பண்ணவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

அடுத்த எக்கோவில் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இதய மாத்திரைகளோடு ட்ராஸ்டுசுமாபைத் திரும்ப ஆரம்பித்தார்கள். இந்த முறை இதயம் தாங்கியது. விட்டுப்போன ஊசிகளையும் சேர்த்து முடித்தேன். உங்களுக்கும் இந்த மருந்து போனால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசி ஊசி முடிந்த வாரம் மூன்று பேரும் தாயார் சன்னதிக்குப் போனோம். வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் அண்ணி முந்தானையிலிருந்து இரண்டு முடிச்சையும் எடுத்தார். மஞ்சள் வெளுத்திருந்தது. எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டார். கட்டியில் அது இருக்க வேண்டும் என்று கேட்டது பலித்தாயிற்று. முதல் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இதை என்ன பண்றது கலா? போட்டா, பலிச்சதுன்னு அர்த்தம். இது பலிக்கக் கூடாது. பலிக்காம அவிழ்க்கவும் கூடாது. வீட்டுல வச்சுக்கவும் பயமா இருக்கு."

"என்கிட்ட கொடுங்க."

"உன்கிட்டயா?"

"என் உடம்பைப் பத்தின மனுதானே. நான் வச்சுக்கறேன்."

அண்ணி இவரைப் பார்த்தார். இவர், "கொடுக்கா. அவகிட்ட இருந்தா ஒண்ணும் பண்ணாது. அவ விசில் சத்தத்துக்கே பயந்து அடங்கிக் கிடக்கும்" என்றார். அண்ணி என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினார். கொஞ்ச நேரம் கையை விடவே இல்லை.

அதை விசில் கயிற்றில் கட்டியிருக்கிறேன். அறுவை செய்த இடத்தில் சின்னப் பள்ளம் இருக்கிறது. மைதானத்தில் நடக்கும்போது விசிலும் முடிச்சும் அந்தப் பள்ளத்தில் வந்து படுகின்றன. 'டொக்' என்று இல்லை. மெத்தென்று இருக்கிறது.

"மிஸ், அது தாயத்தா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"பலிக்கக் கூடாத வேண்டுதல்" என்றேன். புரியாமல் ஒருத்தரையொருத்தர் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள்.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் ஸ்டாப்வாட்ச்தான். யார் முந்தினார்கள், எத்தனை வினாடி என்று பார்ப்பேன். இப்போது ஒரு எக்கோவிலிருந்து அடுத்த எக்கோ வரைக்கும்தான் என் கணக்கு. அதுவரைக்கும் இருக்கிற நாட்கள் என்னுடையவை. அவற்றில் நான் அவசரப்படுவதில்லை. கடைசியாக ஓடி வருகிற பிள்ளைக்காகவும் கோட்டருகே நின்று காத்திருக்கிறேன்.

எல்லாரும் வந்து சேர்ந்ததும் இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து நாடித்துடிப்பை எண்ணச் சொல்வேன். எத்தனையோ வருடமாக அவர்களை எண்ணவிட்டு நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நானும் கழுத்தில் விரலை வைக்கிறேன். அந்த நேரத்தில் யாரையும் திட்டுவதில்லை. விரலுக்கு அடியில் என் இதயம் அடிக்கிறது. கொஞ்சம் அடிபட்டது, தேறி வந்தது. அதில் அந்தப் புரோட்டீன் இருக்கிறது.

இருக்கட்டும்.